இறந்தவர் திரும்பாத ஆட்டம்

நம்முடன் ஒரே அலுவலகத்தில் பணியாற்றும் வங்காள நண்பர் ஒருவர் இருக்கிறார். இளமையில், 2000ஆம் ஆண்டையொட்டி, இரண்டாண்டுகள் இங்கிலாந்தில் தங்கிக் கல்வி பயின்றவர். அண்மையில் அவர் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது, சாமான்களைக் கட்டுவதற்கு உதவியாக நாமும் சென்றிருந்தோம். பழைய பிஸ்கோத்துத் தகரப் பெட்டி ஒன்றை மட்டும் அவர் எவர் கையிலும் கொடுக்கவில்லை. உள்ளே இருப்பது யாது என்று வினவினோம். திறந்து காட்டினார்.

பஞ்சுக்கு நடுவே வண்ணம் தீட்டிய பன்னிரண்டு சிற்றுருவங்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஓரங்குலத்தைச் சற்றே மிஞ்சிய உயரம். அவற்றின்மேல், நான்காக மடித்துப் பழுப்பேறிய தாள் ஒன்று. அத்தாளில் வங்க எழுத்தில் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவை தம் ஊர்த் தெருவில் வாழ்ந்த தேநீர்க் கடைக்காரர், தபால்காரர், கணக்கு வாத்தியார் முதலியோரின் பெயர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சில பெயர்களின் குறுக்கே கோடு இழுத்திருந்தது. “இவர்கள் இறந்துவிட்டார்கள்” என்று அவர் சொல்லியபோது அந்தச் சிரிப்பைக் காணோம்.

ஓரங்குலப் பொம்மையின் சாவு இருபதாண்டுகளுக்கு மேலாக ஒருவர் நெஞ்சில் தங்கியிருப்பது எவ்வாறு? அந்த ஆட்டத்தையும், அதனை ஆக்கியோரையும் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

ஆட்டத்தின் பெயர் மோர்ட்ஹைம். அது 1999ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரிலிருந்து வெளிவந்தது. வெளியிட்டது கேம்ஸ் ஒர்க்ஷாப் என்னும் நிறுவனம். சிற்றுருவங்களைக் கொண்டு போர் விளையாடும் வழக்கம் மேனாடுகளில் புதியதன்று. எச். ஜி. வெல்ஸ் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியர், தகரச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி ஆடும் முறையை விளக்கி 1913ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார். கேம்ஸ் ஒர்க்ஷாப் 1975ஆம் ஆண்டு இலண்டனில் மூன்று நண்பர்களால் தொடங்கப்பெற்றது. 1979ஆம் ஆண்டில் பிரையன் ஆன்செல் என்பாரின் முயற்சியால், உலோகச் சிற்றுருவங்களை வார்க்கும் சிட்டடல் நிறுவனம் அதன் துணையாக எழுந்தது. 1983ஆம் ஆண்டில் ஆன்செல், ரிச்சர்டு ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகிய மூவரும் வார்ஹாமர் என்னும் பெரும்போர் ஆட்டத்தை அமைத்தனர். பூதங்களும் மந்திரவாதிகளும் உலவும் கற்பனை உலகம் ஒன்று அதன் களம். அந்த உலகத்தின் ஒரு மூலையிலே கிடக்கும் பாழ்நகரமே மோர்ட்ஹைம்.

கதை இதுதான். பேரரசன் இல்லாமல் சிற்றரசர்கள் அரியணைக்காகப் பொருதுகின்ற காலம். இரட்டை வால் கொண்ட வால்மீன் ஒன்று வானில் தோன்றுகிறது. தெய்வமே எழுந்தருளுகிறது என்று எண்ணி மக்கள் மோர்ட்ஹைம் நகரில் கூடிக் களியாடுகின்றனர். வால்மீன் அவர்கள் தலைமீதே வந்து விழுகிறது. நகரம் இடிந்து பாழாகிறது. இடிபாடுகளுக்கிடையே மாயக்கல்லின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன என்னும் செய்தி பரவவே, நாலாதிசைகளிலிருந்தும் சிறு சிறு கூட்டங்கள் வருகின்றன. கூலிப்படையினர், சூனியக்காரரை வேட்டையாடுவோர், துறவுப் பெண்டிர், எலி மனிதர், இறந்தும் நடமாடும் பேய்கள் எனப் பலவகைக் கூட்டங்கள். இவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆடுவோர் களத்தில் இறங்குகின்றனர்.

பெரும்போர் ஆட்டங்களில் ஒருவர் நூறு உருவங்களை வாங்கி, வண்ணம் தீட்டி, அணிவகுக்க வேண்டும். மோர்ட்ஹைமில் ஒரு கூட்டத்திற்குப் பத்துப் பன்னிரண்டு பேரே போதும். ஆகவே கையில் காசு குறைந்த மாணவரும் ஆட முடிந்தது. தொடக்கத்தில் பெரும்பாலான கூட்டங்களுக்கு 500 பொற்காசுகள் தரப்படும். அவை தாளில் எழுதிக்கொள்ளும் காசுகளே. அதனைக் கொண்டு ஆட்களைத் திரட்டலாம். வாளும் வில்லும் வாங்கலாம். எல்லாம் அந்தத் தாளில் பெயரிட்டுப் பதியப்பெறும். கூட்டத்தில் தலைவனும் அவனை அடுத்த நாயகர்களும் ஒருபுறம், ஏவலர்கள் மறுபுறம்.

இந்த ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், போர் முடிந்த பிறகு தொடங்கும் கணக்கில் இருக்கிறது. நம் நாட்டிற் பிறந்த சதுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். வெட்டுண்ட யானையும் குதிரையும் அடுத்த ஆட்டத்திற்கு மீண்டும் தத்தம் கட்டங்களில் வந்து நிற்கும். நேற்றைய தோல்வியின் வடு இன்றைய பலகையில் இராது. மோர்ட்ஹைமில் அவ்வாறன்று. களத்தில் விழுந்த ஒவ்வோர் ஏவலனுக்கும் ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் அவன் மாண்டான். நாயகனுக்கு இரு பகடைகள். அவற்றால் வரக்கூடிய 36 முடிவுகளுள் ஐந்து மரணம். மற்றவற்றுள் சில முழு நலம் தரும். சில கால் ஊனம், கை ஊனம், ஒற்றைக் கண் இழப்பு என்று முடியும். சில தீராப் பகையாகும். ஒருவன் பகைவர் கையில் சிறைப்படுவதும் உண்டு. அப்போது காசு கொடுத்து மீட்கவோ, கைதிக்குக் கைதியாக மாற்றிக்கொள்ளவோ எதிராளியுடன் பேரம் பேச வேண்டும். ஊனம் தாளில் ஏறும்; அடுத்த வாரமும் அவன் ஒற்றைக் கண்ணோடேதான் போருக்கு வருவான். இறந்தவன் திரும்பவே மாட்டான்.

இழப்பு நிலைபெற்றதால் ஆடுவோரின் மனமும் மாறியது. களத்தில் கால் பங்கினர் வீழ்ந்துவிட்டால், கூட்டம் நிலைத்து நிற்குமா, சிதறி ஓடுமா என்று பகடையால் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலையில், விரும்பினால் தாமாகவே பின்வாங்கவும் விதி இடந்தருகிறது. தோல்வியை ஒப்புக்கொண்டு எஞ்சியவர்களைக் காப்பாற்றி அழைத்துச் செல்வதா, ஒரு வெற்றிக்காக அவர்களைப் பணயம் வைப்பதா என்னும் கேள்வி ஒவ்வொரு மாலையும் எழும். வெற்றியே குறியாகக் கொண்ட ஆட்டங்கள் பல. பின்வாங்குதலையும் ஓர் அறிவாக மதித்த ஆட்டம் இது.

எளியவர்பால் இவ்விதிகள் காட்டிய பரிவும் குறிப்பிடத்தக்கது. போரில் உயிர் பிழைத்தவன் தோற்ற கூட்டத்தினனாயினும் ஓரளவு அனுபவம் பெறுவான். தன்னினும் மிக வலிய கூட்டத்தை எதிர்த்து நின்ற எளிய கூட்டத்திற்கு அந்த அனுபவம் கூடுதலாகக் கிட்டும். மாயக்கல்லை விற்று வரும் வருவாயிலும், ஆள் மிகுந்த கூட்டத்திற்குக் கிடைக்கும் இலாபம் குறைவு. உண்ணும் வாய் அதிகமன்றோ? இவை எல்லாவற்றினும் இனியது ஒன்று உண்டு. பெயரளவில் பின்னால் நின்ற ஏவலன் ஒருவன், போர்கள் பல கண்டு, பகடையும் கைகொடுத்தால், நாயகர் வரிசைக்கு உயர்வான். எவன் உயர்வான் என்பதை முன்கூட்டி எவரும் அறியார். நண்பரின் தாளில் அவ்வாறு உயர்ந்தவர் தபால்காரர்.

இனி ஆக்கியோரைப் பற்றிச் சில சொற்கள். மோர்ட்ஹைமை அமைத்தவராக முதலிற் குறிக்கப்பெறுபவர் தூமாஸ் பிரினென், பின்லாந்து நாட்டவர். அவருடன் பங்குகொண்டவர்கள் இருவர். ஒருவர், முன்னமே நாம் குறிப்பிட்ட ரிக் பிரீஸ்ட்லி, ஆங்கிலேயர். மற்றவர் அலெஸ்ஸியோ கவதோரே. இத்தாலியின் துரின் நகரத்தவர். கவதோரே அந்நிறுவனத்தில் முதலில் மொழிபெயர்ப்பாளராகவே பணியில் சேர்ந்தார் என்பது, அத்தொழிலையே செய்து வரும் நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது. பிறர் எழுதிய விதிகளை ஒவ்வொரு சொல்லாக எடை போட்டுப் பழகிய கை, பின்னர்த் தானே விதி எழுதியது. மூன்று நாட்டினர் ஒரு மேசையில் அமர்ந்து கண்ட கனவு, நாலாதிசையினரும் வந்து கூடும் பாழ்நகரமாக உருப்பெற்றது பொருத்தமே.

மூவரும் பின்னர் வெவ்வேறு வழி சென்றனர். பிரினென் கணினி விளையாட்டுத் துறைக்குப் போனார். பிரீஸ்ட்லியும் கவதோரேயும் நிறுவனத்தை விட்டு விலகி, இரண்டாம் உலகப் போரைப் பொருளாகக் கொண்ட போல்ட் ஆக்‌ஷன் என்னும் ஆட்டத்தை 2012ஆம் ஆண்டில் கூடி அளித்தனர். நிறுவனத்தின் கருத்தும் வேறு ஆட்டங்களின்மேல் சென்றது. சில ஆண்டுகளில் மோர்ட்ஹைம் கடைத் தட்டுகளிலிருந்து மறைந்தது.

மறைந்ததேயன்றி மாயவில்லை. ஆடியவர்கள் விதிநூலைப் பேணினர், குறைகளைத் திருத்தினர், புதிய கூட்டங்களையும் புதிய களங்களையும் தாமே எழுதிச் சேர்த்தனர். அட்டையாலும் மரத்துண்டுகளாலும் இடிந்த வீடுகளைக் கட்டினர். 2015ஆம் ஆண்டில் இது கணினி விளையாட்டாகவும் வந்தது. அதே ஆண்டில் வேறொரு பதிப்பகம் வெளியிட்ட ஃப்ராஸ்ட்கிரேவ் என்னும் ஆட்டத்திலும், பாழ்நகரில் புதையல் தேடும் சிறு கூட்டங்களையே காண்கிறோம். பிரினெனும், ஓவியர் மைக் ஃபிரான்சினாவும் இணைந்து ஆக்கிய டிரெஞ்ச் குரூசேடு என்னும் புதிய ஆட்டத்திற்கு, 2024ஆம் ஆண்டில் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டப்பெற்றது. வேண்டிய தொகைக்கு மேல் பன்மடங்கு குவிந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் அவர் எழுதிய விதிகளை மறவாதார் பலர் இருந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கடந்த காலத்தை எண்ணும்போது குற்றங்கள் கண்ணில் படுவதில்லை. ஆகவே அவற்றையும் சொல்லிவிடுதல் நேர்மை. கவசத்தின் விலை அதிகம், அது காப்பதோ குறைவு; இரு கைகளிலும் ஆயுதம் ஏந்துவதே மலிவும் பயனுமாக இருந்தது. எலி மனிதர் கையிலுள்ள கவண்கள் அளவுக்கு மீறி வலியவை என்று எதிராளிகள் ஓயாது முறையிட்டனர். எளியோர்க்கென வைத்த விதிகள் இருந்தும், முதற் சில போர்களில் வென்ற கூட்டம் கொழுத்துத் தோற்ற கூட்டத்தை மேலும் நசுக்குவது உண்டு. நண்பரிடம் இதனைச் சொன்னோம். “எல்லாம் மெய்தான், அதற்காக நாங்கள் இரவெல்லாம் சண்டையிட்டோம்” என்றார். அந்தச் சண்டையையும் சேர்த்தே அவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

பிறகு தாளின் அடிப்பகுதியைச் சுட்டிக் காட்டினார். அங்கே வேறொருவர் கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: ஐம்பது பொற்காசு பெற்றுக்கொண்டு தபால்காரரை விடுவித்தேன். அதன்கீழ் ஒப்பமும் நாளும். எழுதியவர் அடுத்த அறையில் தங்கியிருந்த போலந்து நாட்டு மாணவராம். இருவருக்கும் அந்த நாடு அயல்நாடு. இருவருக்கும் ஆங்கிலம் கற்ற மொழியே. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாத இருவர், ஒரு மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பேரம் பேசினர். நண்பரிடம் அன்று எஞ்சியிருந்தது அந்த ஐம்பது காசுதான். முழுவதையும் கொடுத்து மீட்டார். மூன்று போர்களுக்குப் பிறகு தபால்காரர் மாண்டார். அன்று எதிராளி பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, “இன்னொரு முறை உருட்டிப் பார்க்கிறாயா?” என்று கேட்டாராம். நண்பர் வேண்டாம் என்று சொல்லித் தாமே கோடு இழுத்தார்.

இப்போது அந்தப் போலந்து நண்பர் எங்கிருக்கிறார் என்று இவருக்குத் தெரியாது. சிற்றுருவங்கள் தொலைந்தாலும் வேறு வாங்கலாம். விதிநூலும் தேடினால் கிட்டும். அந்த ஒரு வரிக் கையெழுத்தை மட்டும் இனி எவரிடமும் பெற இயலாது. மாற்றலாகிச் சென்ற ஊர்களுக்கெல்லாம் தகரப் பெட்டி அவருடன் சென்றதன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. ஆக்கியோர் மூவரும் விதிகளைத் தந்தனர். கணக்கை எழுதியவர்கள் மேசையின் இருபுறமும் அமர்ந்தவர்கள்.

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நேயர்களே, உங்களுள் பலர் வீட்டிலும் இவ்வாறான பெட்டி ஒன்று இருத்தல் கூடும். விடுதியில் ஆடிய சீட்டுக்கட்டாக இருக்கலாம்; தேய்ந்த தாயக்கட்டையாக இருக்கலாம்; காரம் பலகையின் ஒற்றைச் சிவப்புக் காயாக இருக்கலாம். அடுத்த முறை அதனை வெளியே எடுக்கும்போது, எதிரே அமர்ந்து ஆடியவரின் பெயரை ஒரு சிறு தாளில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.

நண்பரின் சாமான்கள் யாவும் வண்டியில் ஏறின. தகரப் பெட்டி மட்டும் ஏறவில்லை. அதனை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் அருகே அமர்ந்து அவர் புதிய வீட்டிற்குப் புறப்பட்டார்.