எங்கள் தெருக்காரர்கள்

நகையை அடகு வைத்தாவது பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு இன்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே!

உங்களில் பலர் மேற்படிப்புக்கு வெளிநாடு போகவிருப்பதாகத் துணைவேந்தர் சொன்னார். 2024-ல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் அதிகம் என்கிறது மத்திய அரசின் கணக்கு. நான் ஆய்வு செய்த ஜெர்மனியில் மட்டும் 2023-24-ல் ஏறத்தாழ 49 ஆயிரம் பேர். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்? அந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்துப் பையன். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது விடுதியில் திண்டுக்கல் பசங்களுக்கு ஒரு மேசை, நெல்லைப் பசங்களுக்கு ஒரு மேசை. நான்கு ஆண்டும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டேன். 2002-ல் நிலத்தடி நீர் ஆய்வுக்காக பெர்லின் போனபோதும் அங்கே நம் ஆட்கள் நாலு பேர் தங்கியிருந்த வீட்டில்தான் சேர்வதாக இருந்தது. அங்கே இடம் காலியாகவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு போலந்து மாணவர், துருக்கியப் பெற்றோருக்கு பெர்லினில் பிறந்த ஒரு மாணவர், நான் என்று மூன்று பேர் ஒரு வீட்டை எடுத்தோம். சமையலறை பொது. நோன்பு மாதத்தில் துருக்கியக் குடும்பத்து நண்பர் விடியும் முன் எழுந்து ஓசைப்படாமல் சமைப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு போலந்து நண்பர் இறைச்சி இல்லாமல் 12 வகை சமைத்து, மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைத்தார். யாராவது சொல்லாமல் வந்துவிட்டால் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். என் பாட்டி கேட்டிருந்தால் நம் ஊர்ப் பழக்கம் என்றே சொல்லியிருப்பாள்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது எங்கள் கீழ்வீட்டு அம்மையாரைப் பற்றி. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரு நவம்பர் 9-ஆம் தேதி காலை, எங்கள் வாசலுக்கு எதிரே நடைபாதையில் முழங்காலிட்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிறு வாளி, பழைய துணி, பித்தளை துலக்கும் பசை. கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு மூன்று பித்தளைத் தகடுகள் கற்களோடு கற்களாகப் பதிந்திருந்தன. தந்தை, தாய், மகள். ஒவ்வொன்றும் "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எந்த நாளில் பிடித்துச் செல்லப்பட்டார், எந்த முகாமில் கொல்லப்பட்டார் என்று முடிகிறது. மகள் பிறந்தது 1934. கொல்லப்பட்டது 1943.

குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய வேலை இது. நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்னால் இந்தத் தகடுகளைப் பதிக்கிறார்கள். 2023-ல் ஐரோப்பா முழுவதும் இவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1938 நவம்பர் 9 இரவில்தான் ஜெர்மனி முழுக்க யூதர்களின் வழிபாட்டுக் கூடங்களைக் கொளுத்தினார்கள். 1989-ல் பெர்லின் சுவர் திறந்ததும் அதே தேதியில்தான். கொண்டாட வசதியான காரணம் கையில் இருந்தும், அந்த அம்மையார் துணியும் வாளியுமாக நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் உறவினர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. எங்கள் தெருக்காரர்கள்."

பிறகு என்னைக் கேட்டார், "உங்கள் ஊரில் எதை நினைவு வைத்திருக்கிறீர்கள்?" நான் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிச் சொன்னேன். 1010-ல் கட்டி முடித்தது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்கள் பெருமை. நான் அதைக் கேட்கவில்லை" என்றார்.

என் ஊர் டீக்கடையில் இரண்டு வகைக் குவளை இருந்தது. ஒரு தெருவுக்குக் கண்ணாடி, இன்னொரு தெருவுக்குச் சிரட்டை. அதைச் சொல்ல எங்கள் ஊரில் ஒரு பலகைகூடக் கிடையாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைத் தாண்டி நம் ஊர்களில் எத்தனை? பெரிய கோயிலின் அருமை எனக்கு முன்பே தெரியும். சிரட்டையைப் பற்றி நான் யோசிக்க பெர்லின் நடைபாதையில் ஒரு மூதாட்டி கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அயல்நாட்டுப் படிப்பு எனக்குத் தந்தவற்றில் முனைவர் பட்டத்தைவிட இதையே பெரிதாக நினைக்கிறேன்.

பொறியியல் பட்டதாரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் பெர்லினில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரி 1946-ல் மீண்டும் திறந்தபோது, அதைப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றித் திறந்தார்கள். பொறியாளர்களும் வரலாறும் தத்துவமும் படிக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் சேர்த்தார்கள். கணக்கு மட்டும் தெரிந்தவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்துவிடுவார்கள் என்பதை அந்த நகரம் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. நம் கல்லூரிகள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஆகவே, வெளிநாடு போகிறவர்களே, நம் ஆட்களோடு மட்டும் வீடு எடுக்காதீர்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் அந்த ஊர் மொழியில் காய்கறி வாங்கும் அளவுக்காவது பேசப் பழகுங்கள். அருங்காட்சியகத்துக்குப் போவதோடு நிற்காமல் பக்கத்து வீட்டு முதியவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்கள் நாட்டின் சிறப்பைக் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். எதை நினைத்து வெட்கப்படுகிறீர்கள் என்றும் கேளுங்கள். திருப்பிக் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

போக வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2021-22 கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 47 ஆயிரம் வெளிநாட்டு மாணவர்கள் படித்தார்கள், நேபாளத்திலிருந்து வந்தவர்களே அதிகம். நம் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்களும் வடகிழக்கு மாநிலத்தவர்களும் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் விடுதியே காலியாகும்போது அவர்கள் மட்டும் அறையில் தங்கிவிடுகிறார்கள். பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது அவர்களில் ஒருவரையாவது கூட அழைத்து வரச் சொல்லுங்கள்.