அறிவுரை வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும்



"குடும்பமும் மனநலமும்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பன். அந்த அனுபவத்தில் சில வார்த்தைகள்.

ஆட்டிசம் என்பது தொற்றுகிற வியாதி அல்ல. மூளை வளரும் விதத்திலேயே அமைகிற வேறுபாடு. மாத்திரையால் மாற்றிவிட முடியாது. பயிற்சியாலும் பொறுமையாலும் குழந்தை நிறையவே கற்றுக்கொள்ளும்.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அதன் பிறகு பல வருடங்கள், தாயின் பாசக் குறைவே காரணம் என்று நிபுணர்களே சொல்லி வந்தார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன்தான்.

விஞ்ஞானம் அந்தப் பழியை எடுத்துவிட்டது. நம்ம சொந்தக்காரங்க இன்னும் எடுக்கவில்லை. "நீ வேலைக்குப் போனதாலதான் இப்படி", "செல்போனைக் கையில குடுத்ததாலதான்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு, தாய் கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். தகப்பன் ஆபீசே கதி என்று கிடக்கிறார். கூடப் பிறந்த பிள்ளை, "நாமளும் தொந்தரவு குடுக்கக் கூடாது" என்று வாயை மூடிக்கொள்கிறது. இப்படித்தான் ஒரு குடும்பமே சோர்ந்துபோகிறது.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. ஞாயிறு காலை பையன் என் பொறுப்பு. என் மனைவி கோயிலுக்குப் போவார், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். புதன் மாலை முழுக்க மகளுக்கு. இது சொகுசு அல்ல. வண்டி ஓட எண்ணெய் போடுவது மாதிரி.

பெற்றோர்களுக்கு மூன்று விஷயங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, கற்றல் குறைபாடும் உண்டு. அடையாள அட்டை வாங்கத் தயங்காதீர்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்த பிறகு காப்பாளர் தேவைப்பட்டால், 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மனசு தாங்காதபோது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

"எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யாரு?" இந்தக் கேள்வி எங்களைப் போன்றவர்களைத் தூங்க விடுவதில்லை. சட்டம் பாதி பதில் சொல்லும். மீதிப் பதில் நீங்கள்தான். தெரிந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று விசாரிக்காதீர்கள். "சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் நான் இவன்கூட இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலேயே இப்படியொரு தம்பிக்கு அண்ணனோ அக்காவோ இருக்கலாம். அவர்களை ஒதுக்காமல் வீட்டுக்குப் போய் வாருங்கள்.