மதுப் பழக்கமும் வாலிபர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

மதுப் பழக்கத்தைப் பற்றி இம்மேடையிற் பேசவேண்டும் என்று நமது செயலாளர் என்னைப் பணித்தார். தலைப்பைக் கேட்டவுடன், "இன்னுமொரு மதுவிலக்குப் பிரசங்கமா?" என்று உங்களிற் சிலர் நினைத்திருக்கலாம். குடி கெடுதி என்பதை அறியாதவர் இச்சபையில் ஒருவருமிலர். குடிப்பவர்தாமும் அதனை நன்கறிவர். அறிந்தும் விடமுடியாமல் தவிப்பவருக்கு நாம் என்ன செய்யலாம் என்பதே எனது பேச்சின் பொருள். வயதிலும் அனுபவத்திலும் சிறியவனாகிய நான் கூறுவனவற்றிற் பிழையிருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள்வார்களாக.

குடியைக் கண்டிப்பதில் நம்மவர் என்றும் பின்னின்றதில்லை. திருக்குறளிலே 'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரமே உண்டு. பெரும் பாதகங்கள் ஐந்தினுள் கள்ளுண்ணலையும் ஒன்றாக வைத்தனர் முன்னோர். இலங்கையில் 1904ஆம் ஆண்டிலும், பின்னர் கலால் சட்டம் பிறந்த 1912ஆம் ஆண்டிலும் மதுவிலக்கு இயக்கம் பெருகியெழுந்தது. பிற்காலத்தில் நாட்டின் முதலாவது பிரதம மந்திரியான டி. எஸ். சேனநாயக்கா போன்றோர் அவ்வியக்கத்தில் உழைத்தவர்களே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதையும், மதுவை விளம்பரஞ் செய்வதையும் தடுத்தது. போயா தினங்களில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன.

இவையெல்லாம் நன்மையே. எனினும், போயாவுக்கு முதல்நாள் மாலையில் அக்கடை வாசல்களிலே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்க்கு ஓர் உண்மை விளங்கும். சட்டம் விற்பவன் கையைப் பிடிக்கும்; பழகியவன் மனத்தைப் பிடிக்க அதனால் இயலாது. அமெரிக்க நாடு முழுவதற்கும் 1920ஆம் ஆண்டில் விதித்த மதுவிலக்கு 1933ஆம் ஆண்டில் நீக்கப்பட்டதும் நாம் அறிந்த சரித்திரமே. சட்டம் நின்றுவிடும் இடத்தில் தொடங்கவேண்டிய வேலை ஒன்றுண்டு. அது அயலவரின் வேலை. சிறப்பாக வாலிபரின் வேலை.

முதலில் நாம் எதை எதிர்க்கிறோம் என்பதை அளந்து பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராம் மதுசாரத்தை ஓர் அளவாகக் கொள்கிறது. நூற்றுக்கு 35 பங்கு மதுசாரமுள்ள சாராயத்தில் 180 மில்லிலீற்றர் அருந்தினால், அதாவது நம்மவர் கால் போத்தல் என்று சொல்வதை அருந்தினால், ஏறக்குறைய 5 அளவுகள் உடலிற் சேர்கின்றன. முழுப் போத்தலில் 20 அளவுகளுக்கு மேல் உண்டு. "நான் சாராயம் தொடுவதில்லை, பியர் மாத்திரந்தான்" என்று பெருமை பேசும் நண்பர்களும் நம்மிடையே இருக்கின்றனர். நூற்றுக்கு 8 பங்கு மதுசாரமுள்ள பெரிய பியர்ப் போத்தல் ஒன்றில், 625 மில்லிலீற்றரில், ஏறக்குறைய 4 அளவுகள் இருக்கின்றன. அதற்கும் கால் போத்தல் சாராயத்துக்கும் ஓர் அளவுதான் வித்தியாசம்! ஈரல் ஓர் அளவைக் கழிப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். இரவு 10 மணிக்குக் குடித்த கால் போத்தல் விடியற்காலை 3 மணி வரையில் இரத்தத்தில் நின்று நித்திரையைக் குலைக்கிறது. நித்திரைக்காகவே குடிக்கிறேன் என்பவர் இதனைச் சிந்திப்பாராக.

ஈரல் கெடுவதை யாவரும் அறிவர். மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988ஆம் ஆண்டிலேயே வகுத்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், மார்பு ஆகிய உறுப்புகளின் புற்றுநோய்கள் அதனோடு தொடர்புடையன. கெடுதியற்ற அளவு என்று ஒன்றில்லை என 2023ஆம் ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே, முற்றாக விடுவதே சிறந்தது. விடமுடியாதவர் குறைத்தாலும் குறைத்த அளவுக்கு நன்மையே. "விட்டால் முழுவதும் விடு, இல்லையேல் என் முகத்தில் விழிக்காதே" என்று நாம் கூறுவதால், குறைக்க நினைத்தவனையும் தவறணைக்கே திருப்பி அனுப்புகிறோம்.

இனி, துணை நிற்பது எவ்வாறு? நான் மிஷன் பாடசாலை ஒன்றிற் படித்தவன். அங்கே இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மாதங்கள் சில இருக்கும்போதே ஓட்டப் பயிற்சி தொடங்கிவிடும். நல்ல பயிற்றுநர் முதல் நாளிலேயே பையனை ஒரு மைல் ஓடச் சொல்லமாட்டார். இன்று எவ்வளவு ஓடினான் என்று கொப்பியிற் குறிப்பார். நாளைக்குச் சிறிது கூட்டுவார். காலிலே நோவு என்றால் திட்டத்தை மாற்றுவார். ஓடுவது பையன், கூட நிற்பது பயிற்றுநர். மேல்நாடுகளில் இப்பொழுது உணவு, உடற்பயிற்சி, நித்திரை, குடி முதலிய வாழ்க்கைப் பழக்கங்களுக்கும் இத்தகைய பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையாளும் முறையிற் பெரும்பகுதி, நம்மூரில் ஒரு நல்ல நண்பன் செய்யக்கூடியதே.

அம்முறையின் உயிர்நாடி, அறிவுரையைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுவதாகும். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லர் 1983ஆம் ஆண்டில் இதனை ஒரு கட்டுரையாக எழுதினார். 1991ஆம் ஆண்டில் ஸ்டீவன் றொல்னிக் என்பாருடன் சேர்ந்து நூலாக்கினார். 1993ஆம் ஆண்டில் மில்லரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வொன்று நம்மைச் சிந்திக்க வைப்பது. குடிப்பவரோடு ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கு அவர் ஓராண்டு கழிந்த பின்னர் அதிகமாகக் குடித்தார் என்று கண்டனர். கண்டிப்பு மருந்தாகவில்லை.

நம்மூர்ப் பேச்சிலேயே இதனைக் காட்டுகிறேன். குடித்து வரும் ஒருவரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது இது: "ஏன் அண்ணை இப்பிடிக் குடிச்சு அழியிறியள்? பிள்ளையளை யோசிச்சியளே?" அவர் சொல்லும் மறுமொழி யாவருக்கும் தெரியும்: "என்ரை காசிலை நான் குடிக்கிறன், உனக்கென்ன தம்பி?" அத்தோடு கதை முடிந்தது.

அவர் தெளிவாயிருக்கும் காலைவேளையில் வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். "அண்ணை, குடியிலை உங்களுக்குப் பிடிச்சது என்ன?" "நாள் முழுக்க வேலை, உடம்பு நோகுது. அதைப் போட்டால் நோ தெரியாது." "பிடிக்காதது?" அவர் சற்று யோசிப்பார். "விடிய எழும்பக் கை நடுங்குது. மூத்தவள் என்னோடை கதைக்கிறாளில்லை." "அப்ப என்ன செய்யலாமெண்டு நினைக்கிறியள்?" "கிழமைநாளிலை குறைச்சுப் பார்க்கலாம்." மகள் கதைக்கவில்லை என்பதை நாம் சொல்லியிருந்தால் அது வசை. அவர் வாயினின்றே வந்தமையால் அது அவரது காரணமாயிற்று. பிறர் தந்த காரணத்துக்காக ஒருவன் ஒருநாள் விடுவான். தன் காரணத்துக்காகவே நெடுநாள் விடுவான்.

இத்தகைய சுருக்கமான ஆலோசனை பற்றிய 69 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018ஆம் ஆண்டில் மதிப்பிட்டார்கள். ஆலோசனை பெற்றவர்கள், பெறாதவர்களிலும் பார்க்க, ஓராண்டின் பின்னர் வாரமொன்றுக்கு ஏறக்குறைய 20 கிராம் குறைவாகக் குடித்தனர். இரண்டு அளவுதானே என்று இகழவேண்டாம். சில நிமிடப் பேச்சு ஓராண்டு நின்று பயன் தந்தது என்பதே கருதத்தக்கது.

காரணம் கிடைத்தபின் வேண்டியது ஒழுங்கு. குடி பெரும்பாலும் நேரத்தோடும் இடத்தோடும் கூட்டத்தோடும் கட்டுண்ட பழக்கம். மாலை 6 மணி, அந்தச் சந்தி, அந்த நாலுபேர். ஆகவே, "இனிக் குடியேன்" என்னும் பெரிய சபதத்திலும் பார்க்க, "வேலை விட்டதும் சந்தியால் வராமல் மற்ற ஒழுங்கையால் வீட்டுக்கு வருவேன், வந்ததும் குளித்துச் சாப்பிடுவேன்" என்னும் சிறிய தீர்மானம் உறுதியானது. வெறுவயிற்றோடு தவறணையைக் கடப்பவனிலும், தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ அருந்தி ஒரு பிடி சோறு உண்டவனுக்கு மனவுறுதி எளிது. எத்தனை அளவு குடித்தேன் என்று நாட்காட்டியில் அன்றன்றே குறித்துவைப்பதும் நன்று.

இங்கே நம்மவர் அனுபவம் ஒன்றையும் கூறவேண்டும். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். கொடியேறிய நாள்தொட்டு மதுவையும் மாமிசத்தையும் தொடாதவர் எத்தனை பேர்! அவர்களுள் மற்றைக் காலத்தில் நாள்தோறும் குடிப்பவரும் உளர். "என்னால் முடியாது" என்னும் சொல்லை அந்த 25 நாளும் பொய்யாக்கிவிடுகின்றன. அந்நாட்களில் வீடு முழுவதும் விரதம். மாலையிற் போக ஒரு வீதி உண்டு. கூடப் போகத் துணையுண்டு. திருவிழா முடிந்ததும் துணை கலைகிறது. பழைய சந்தியும் பழைய நாலுபேரும் திரும்புகின்றனர். குறை அவர் மனவுறுதியில் மாத்திரம் இல்லை; 26ஆம் நாள் அவரைத் தனியே விட்ட நம்மிடத்திலும் உண்டு.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பாரும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனோடு பொருந்துவது. அது குடியைப் பற்றியதன்று. பழம் உண்ணல், நீர் அருந்தல், ஓடுதல் போன்ற நற்பழக்கங்களைப் பற்றியது. ஒரு புதிய செயல் தானாகவே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாள் சென்றது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரையும் ஆகும் என்று கணித்தனர். நடுவே ஒருநாள் தவறியது பெரும் நட்டமாகவில்லை. ஆகவே, ஒருநாள் வழுக்கி விழுந்தவரைப் பார்த்து, "பார்த்தீர்களா, நாய் வாலை நிமிர்த்தலாமா?" என்று சிரிப்பதை நாம் விட்டுவிடவேண்டும். மறுநாட் காலையில் அவர் வீட்டுப் படலையைத் தட்டவேண்டும்.

ஓர் எச்சரிக்கையை மறவாதீர்கள். நெடுங்காலம் நாள்தோறும் மிகையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கைநடுக்கம், வியர்வை, வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன இரண்டு மூன்று நாட்களுக்குள் வந்து உயிருக்கே மோசம் செய்யக்கூடும். காலையிற் கைநடுங்குபவரும், அந்நடுக்கம் நிற்கக் குடிப்பவரும் வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்தவேண்டும். அவர்களைச் சபதம் செய்விப்பது நம் வேலையன்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதே நம் வேலை.

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். துணை நிற்பது என்பது அடியைப் பொறுப்பது ஆகாது. குடித்தவன் கை நீட்டும் வீட்டிலே முதலிற் காக்கவேண்டியது மனைவியையும் பிள்ளைகளையுமே. "பொறுத்துப் போ பிள்ளை" என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை அயலவரும் உறவினரும் கைவிடவேண்டும்.

நமது சங்கம் செய்யக்கூடியவை எவை? தவறணை அழைக்கும் நேரம் மாலை 6 மணி முதல் 8 மணி வரை. அந்த இரண்டு மணி நேரமும் நமது வாசிகசாலையும் கரப்பந்தாட்ட மைதானமும் திறந்திருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் உள்ளன. ஒருவர் தனிமையில் விடையெழுதிப் புள்ளியிட்டால், 8 அல்லது அதற்கு மேற்படின் தம் குடி ஆபத்தான நிலையை அடைந்ததென அறியலாம். அவற்றைத் தமிழில் அச்சிட்டு வாசிகசாலையில் வைப்போம். குடிப்பவர் பெயரைக் கூட்டத்திற் சொல்வதையும், நாடகத்திலே வெறிகாரனைக் காட்டிச் சிரிப்பதையும் நிறுத்துவோம். வெட்கம் குடியைக் குறைப்பதில்லை, மறைவிடத்துக்குக் கொண்டுபோகிறது.

வாலிப நண்பர்களே! பாடசாலைகளின் பெரும் துடுப்பாட்டப் போட்டிக் காலத்தில், கொட்டகையின் பின்னால், "ஒரு மிடறுதானே, குடியடா" என்று நீட்டப்படும் போத்தலை நீங்கள் அறிவீர்கள். நீட்டுபவன் பகைவனல்லன், சிநேகிதன். அதனாலேயே மறுப்பது கடினம். அவ்விடத்தில் "எனக்கு வேண்டாம்" என்று ஒருவன் சொன்னால், சொல்லக் காத்திருக்கும் இன்னும் இருவருக்கு வாய் திறக்கும். அந்த முதலாமவன் நமது சங்கத்தவனாயிருக்கட்டும்.

பெரியோர்களே! உங்கள் கண்டிப்பை நாங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. கண்டித்தபின் ஒரு காலைவேளையில் அவர் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் இருந்து, அவர் சொல்வதைக் கேளுங்கள் என்றே வேண்டுகிறோம். வாலிபர் நாங்கள் மாலைநேரத்தில் அவரோடு கூட நடக்கிறோம். வருகிற திருவிழாவின் 26ஆம் நாள் மாலையில் இவ்வேலையை நமது ஊரிலே தொடங்குவோமாக.