ஒரு கவளம் குறைத்துண்ணல்

(தசலட்சணப் பெருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

காரிமங்கலம் தகடூர் நாட்டைச் சேர்ந்த ஊர். இன்று தருமபுரி என வழங்கும் தகடூருக்கும் சமண அறத்துக்கும் உள்ள உறவு நெடியது. போளூரை அடுத்த திருமலையில் சேர மரபினனான எழினி அமைத்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் பிற்காலத்தில் சிதைவுற்றன. அவற்றை அவன் வழிவந்த தகடூர் அதியமான் விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்தான் என அங்குள்ள கல்வெட்டு உரைக்கிறது. ஒன்றைப் புதிதாக ஆக்குதல் ஒரு பெருமை; ஆக்கியதை அழியாமல் பேணுதல் அதனினும் அரிய பெருமை. இவ்வுரையின் பொருளும் பேணுதலே. குறைத்த உடல் எடையை மீண்டும் ஏறவிடாமல் காப்பது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பார்க்கலாம். மகளின் திருமணத்துக்கு மூன்று திங்கள் இருக்கையில் சோற்றை அறவே விடுகிறார். காலையில் கொள்ளுக் கஞ்சி, நண்பகலில் வெள்ளரிப் பிஞ்சு, மாலையில் வெந்நீர். ஆறு கிலோ குறைகிறது, கண்டவர் வியக்கின்றனர். திருமணம் முடிகிறது, விருந்துகள் தொடர்கின்றன. ஆண்டு முடிவதற்குள் ஏழு கிலோ ஏறிவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறொரு பத்தியம்; அதற்கடுத்த ஆண்டு மற்றொன்று. ஒவ்வொரு முறையும் இறங்குவது அரிதாகிறது, ஏறுவது எளிதாகிறது. பத்தாண்டு கழிந்த பின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறுகிறார். அந்த அம்மையார் பிறரை நோவதில்லை. "எனக்கு மன உறுதி போதவில்லை" என்று தம்மையே நொந்துகொள்கிறார். இத்தகையோர் இல்லாத குடும்பம் இன்று அரிது.

குற்றம் உண்மையில் அவருடையதுதானா?

உடல் வைத்திருக்கும் கணக்கு

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம் தராத 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அதில் பங்கேற்றனர். 1945ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதனுடன் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலும் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது. எந்நேரமும் உணவைப் பற்றியே எண்ணினர்; சிலர் சமையல் நூல்களைத் திரட்டிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கிய பின் வயிறு நிறைய உண்டும் பசி அடங்கவில்லை என்றனர். மீண்டு வந்த எடையில் தசையைக் காட்டிலும் கொழுப்பே முந்திக்கொண்டது.

அவர்கள் கொள்கைக்காகப் பழிச்சொல்லையும் பொறுத்தவர்கள். மன உறுதியில் குறைந்தவர் அல்லர். ஆயினும் உடல் தன் கணக்கை மறக்கவில்லை. பஞ்சம் வந்ததென்று எண்ணிச் செலவைச் சுருக்கிப் பசியைப் பெருக்கிற்று.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வும் இதனை உறுதி செய்கிறது. பத்து வாரக் கடும் பத்தியத்தால் எடை குறைத்தோரின் குருதியில், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் விரைந்து எடை குறைத்த 14 பேரை ஆறாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவை மீண்டும் பெற்றிருந்தனர். அவர்களுடைய உடல் ஓய்வில் நாளொன்றுக்குச் செலவிடும் ஆற்றலோ, எதிர்பார்க்கத்தக்க அளவினும் ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது.

எனவே அந்த அம்மையாரிடம் மன உறுதிக்குக் குறைவில்லை. அவர் தேர்ந்த வழியே நெடுந்தொலைவு செல்லாத வழி.

சமந்தபத்திரர் காட்டிய இரு சொற்கள்

காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்பெறும் ஆசாரியர் சமந்தபத்திரரைப் பற்றி மரபுவழிக் கதை ஒன்று உண்டு. கடுந்தவம் இயற்றுங்கால், எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியைத் தரும் பஸ்மக நோய் அவரைப் பற்றியது. சல்லேகனை மேற்கொள்ள ஆசிரியரிடம் இசைவு வேண்டினார். ஆசிரியர் இசையவில்லை. துறவுக் கோலத்தைச் சில காலம் நீக்கி, வேண்டுமட்டும் உண்டு, நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டு வருமாறு பணித்தார். சமந்தபத்திரரும் அவ்வாறே செய்து, நோய் நீங்கி, மீண்டும் தவநெறி சேர்ந்தார். அந்த ஆசிரியர் தம் மாணவரைச் சுவைக்கு அடிமையென்று கடியவில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பசியை நோயென்று கண்டார். நோய்க்குரிய வழியைக் கூறினார்.

அந்தச் சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கென இயற்றிய நூலே இரத்தின கரண்டக சிராவகாசாரம். தமிழில் அதன் வழிவந்தது அருங்கலச்செப்பு. நுகர்பொருளுக்கு அளவு வகுக்கும் விரதத்தை விளக்குமிடத்து, அவர் நியமம், யமம் என இரண்டைப் பிரிக்கிறார். காலவரையறையோடு ஏற்பது நியமம். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம்.

எடை குறைப்போர் பலரும் தடுமாறுவது இவ்விடத்தேதான். மூன்று திங்கள் நியமம் ஏற்று, வாழ்நாள் முழுதும் பயன் விளைய வேண்டுமென எதிர்பார்க்கின்றனர். நியமத்தின் பயன் நியமத்தின் காலத்தோடு முடியும். நிலைத்த பயன் வேண்டுமாயின், நிலைத்து நிற்கக்கூடிய சிறிய யமம் ஒன்றை ஏற்றல் வேண்டும். இருபது ஆண்டுகள் தொடர இயலாத எதனையும் இன்று தொடங்காதிருத்தல் நன்று.

அந்தச் சிறிய யமம் எது என்பதற்கும் ஆகமம் விடை தருகிறது. புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பாகிய அனசனத்தை அடுத்து நிற்பது அவமௌதரியம். அஃதாவது வயிறு நிறையுமுன் நிறுத்துதல். ஆடவர்க்கு 32 கவளம், பெண்டிர்க்கு 28 கவளம் என நிறைவுணவின் அளவை வகுத்து, அதில் ஒரு கவளம் குறைப்பதும் தவமே என்றனர் முன்னோர். வயிற்றில் இருபங்கு உணவு, ஒருபங்கு நீர், ஒருபங்கு காற்று இயங்க வெற்றிடம் என மூலாசாரம் பகுத்துரைக்கும். முழுப்பட்டினி ஒருநாள் கிடப்பது கண்ணுக்குத் தெரியும் தவம். நாள்தோறும் ஒரு கவளம் குறைப்பதை எவரும் அறியார். நெடுநாள் பயன் தருவது அதுவே.

சென்னை கற்பித்த பாடம்

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு காலம் கண்காணித்தனர். வழக்கம்போல் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். அளவான உணவும் நாள்தோறும் நடையும் மேற்கொண்டோருள் 39 பேரே ஆளாயினர். இப்பயன் விளைந்தபோது அவர்களுடைய எடை பெரிதும் குறைந்திருக்கவில்லை. நல்ல பழக்கத்தின் நன்மை எடைப்பொறியின் முள் அசையுமுன்னரே உடலுக்குள் தொடங்கிவிடுகிறது. எனவே முள் நகரவில்லை என்று சோர்ந்து பழக்கத்தைக் கைவிடுவது, முளைக்கும் விதையைத் தோண்டி எறிவதை ஒக்கும்.

இல்லங்களில் செய்யத்தக்கன

இரவுண்ணாமை சமண இல்லங்களின் பெருஞ்செல்வம். ஆயினும் இரவு பசிக்குமே என்றஞ்சிக் கதிர் மறையுமுன் இருமடங்கு உண்டால் அதன் பயன் கெடும்.

பாரணையிலும் அளவு வேண்டும். நெடுநாள் உண்ணாதிருந்த ரிஷப தேவர் அத்தினாபுரத்தில் கையே கலமாக ஏற்றது கரும்பின் சாறு. இன்றோ ஒருநாள் உபவாசத்தின் மறுநாள் இலையில் மூவகை இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் நிறைகின்றன. நோன்பு ஈட்டியதைப் பாரணை அழித்துவிடுகிறது.

தருமபுரி மண் கேழ்வரகும் சாமையும் விளையும் மண். அவை நல்லுணவு; ஆனால் சிறுதானியம் என்பதால் அளவின்றி உண்ணலாம் என்பதில்லை. களி உருண்டை ஒன்று குறைந்து, அவ்விடத்தில் பயறும் கீரையும் காயும் மிகுதல் வேண்டும். புலால் உண்ணாத குடும்பங்களில் பருப்பும் பயறும் குறைந்தால், எடையோடு தசையும் கரையும். திங்களுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் விரைந்து குறைக்க முனைய வேண்டுவதில்லை. மிக விரைந்து குறைப்போர்க்குப் பித்தப்பையில் கல் உண்டாவதும் உண்டு.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைக்கலாம். வாரச்சந்தைக்கும் கோயிலுக்கும் வண்டியை விடுத்து நடக்கலாம்.

என்றேனும் தவறினால் என் செய்வது? "இன்று கெட்டது; இனி என்ன" என்று முழுவதையும் கைவிடுவதே பலருடைய வழக்கம். சமண நெறியில் இதற்கெனவே பிரதிக்கிரமணம் உண்டு. அச்சொல்லுக்கு மீண்டு வருதல் என்பதே பொருள். தவறினோம் என உணர்ந்து, அன்றே மீளுதல். அடுத்த திங்கட்கிழமைக்கோ அடுத்த மாதத்துக்கோ ஒத்தி வைப்பதன்று.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, விரதம் வினை தீர்க்கும் பொருட்டு ஏற்கப்படுவது. எடை குறைப்பதற்கான கருவியன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், கருவுற்ற பெண்டிர், வளரும் பிள்ளைகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் ஏற்கலாகாது. மருந்தை உட்கொண்டு உணவை விட்டால் சர்க்கரை அளவு கடுமையாகத் தாழ்ந்து உயிருக்கே இடராகலாம்.

இரண்டாவது, சொல்லால் செய்யும் இம்சை. "என்ன, இப்படிப் பருத்துவிட்டாய்?" என்று மண்டபத்தில் பலர் நடுவே ஒரு பெண்ணைக் கேட்பவர், நலம் விசாரித்ததாகவே எண்ணுகிறார். கேட்கப்பட்ட பெண் அன்று விருந்துண்ணாமல் எழுகிறாள், இரவில் அழுகிறாள், மறுநாள் எவரோ சொன்ன கடும் பத்தியத்தைத் தொடங்குகிறாள். ஏறி இறங்கும் அந்த நெடுந்துயரின் முதற்படி பல வேளைகளில் உறவினர் கூறிய ஒரு சொல்லே. எறும்புக்கும் ஊறு நேராமல் நீரை வடிகட்டிப் பருகும் சமூகம், சொல்லையும் வடிகட்டிப் பேசுதல் வேண்டும்.

தசலட்சணத்தின் பத்து அறங்களுள் முதலாவது உத்தம பொறுமை. விழா நிறைவுறுங்கால் க்ஷமாவாணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுவது வழக்கம். இவ்வாண்டு அந்நாளில், உடலைச் சுட்டிப் பேசிப் புண்படுத்திய மகளிடமோ மருமகளிடமோ நண்பரிடமோ பெரியோர் மன்னிப்பு வேண்டுவாராக. பலமுறை முயன்று தோற்றதாக எண்ணி வருந்துவோர், தம்மைத் தாமே வெறுத்த வெறுப்பையும் அன்று விடுவாராக. அதன்பின் இலையின் முன் அமர்ந்து, ஒரு கவளம் குறைத்து எழலாம். அந்த ஒரு கவளம் வாழ்நாள் முழுதும் சுமக்கத்தக்க எளிய சுமை.