வீட்டுக்கு அனுப்பும் பணம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் தாண்டி நடந்தால், பணம் அனுப்பும் கடையின் முன்னால் ஒரு வரிசை நிற்கும். உணவகத்தில் ரொட்டி தட்டுபவர், முடிதிருத்தும் கடையில் வேலை பார்ப்பவர், கட்டட வேலைக்கு வந்தவர் என்று பலரும் அதில் இருப்பார்கள். கையில் சம்பளப் பணம். சட்டைப் பையில் ஊர் வங்கிக் கணக்கு எண் எழுதிய துண்டுச் சீட்டு. அங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் கோத்தா ராயா வணிக வளாகத்திற்குப் போனால், அதே போன்ற வரிசையில் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண்களைக் காணலாம். மொழி வேறு, நாடு வேறு. வரிசையில் நிற்கும் காரணம் ஒன்றே. அந்தப் பணத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இது நமக்குப் புதிய கதை அல்ல. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்த நாளிலிருந்தே ஊருக்குப் பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. சிலர் ரஜூலா கப்பலில் ஊர் திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். சிலர் செட்டியார் கடையில் கட்டினார்கள். பலர் அஞ்சலகத்தில் மணியார்டர் எழுதினார்கள். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் அனுப்பிய பணத்தில் அங்கே கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தையே 'மணியார்டர் பொருளாதாரம்' என்று சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. கடல் கடந்த வாணிபத்தை மனத்தில் வைத்தே 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டது. முதல் நாளிலேயே சென்னை, காரைக்குடி, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் அது கதவைத் திறந்தது.

அந்த மணியார்டரில் ஒரு சிறப்பு உண்டு. தபால்காரர் பணத்தைப் பெயருக்குரியவரிடம் கொடுத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். அந்த ஒப்புகைச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். தோட்டத்து லயத்தில் இருந்தவர், தம் தாயின் பெருவிரல் ரேகையைப் பார்த்து, 'பணம் அம்மா கைக்குப் போய்ச் சேர்ந்தது' என்று நிம்மதி அடைந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

இப்போது பிலிப்பீன்ஸ் நாட்டைப் பார்ப்போம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு அது. 1974-இல் வந்த தொழிலாளர் சட்டத்திற்குப் பிறகு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அந்த நாடு அரசின் கொள்கையாகவே வளர்த்தது. 2023-ஆம் ஆண்டில் வங்கிகளின் வழியாக மட்டும் 3,300 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் அந்நாட்டுக்கு வந்தது. ஆனால் ஒரு சங்கடம். எல்லாத் தீவுகளிலும் வங்கிகள் இல்லை. கைப்பேசியும் அதற்கு ரீலோட் விற்கும் பெட்டிக்கடையும் அவற்றைவிட வேகமாகப் பரவின.

இங்கேதான் ஒரு புதுமை நடந்தது. கைப்பேசியில் இருக்கும் பேச்சுநேரத்தை ஒருவர் மற்றவருக்குக் குறுஞ்செய்தி மூலம் மாற்றிவிடும் வசதி வந்தது. ஐந்து பேசோ, பத்து பேசோ என்று சிறு தொகையாகவும் மாற்றலாம். அண்ணன் தங்கைக்கு அனுப்பினான். தாய் மகளுக்கு அனுப்பினாள். ஆப்பிரிக்காவில் உகாண்டா, கானா போன்ற நாடுகளிலும் மக்கள் இதையே செய்தார்கள். பேச்சுநேரத்தைப் பெற்றவர் அதைக் கடைக்காரரிடம் கொடுத்து, சற்றுக் குறைந்த தொகைக்குக் காசாக மாற்றிக்கொண்டார். பேச்சுநேரமே பணம் போல் புழங்கியது. இதைப் பார்த்துத் தொலைபேசி நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. பிலிப்பீன்ஸில் 2004-இல் ஜிகேஷ் வந்தது. கென்யாவில் 2007-இல் எம்-பெசா வந்தது. வெளிநாட்டில் ஒருவர் பணம் கட்டினால், ஊரில் மனைவியின் கைப்பேசிக்குச் செய்தி வரும். அவர் அடையாள அட்டையுடன் அருகிலுள்ள முகவர் கடைக்குப் போய்ப் பணத்தைப் பெற்றுக்கொள்வார். படகேறி நகரத்துக்குப் போகும் செலவும், ஒரு நாள் கூலியும் மிச்சம்.

தமிழ்நாட்டில் கதை சற்று வேறு விதமாகப் போயிற்று. 2014-இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தால் கிராமத்து வீடுகளிலும் வங்கிக் கணக்குகள் பெருகின. ஆகவே நம்மவர் பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கே போகிறது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் சேவையும் இந்தியாவின் யுபிஐ சேவையும் இணைக்கப்பட்டு, கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கே பணம் போகும் வழி அங்கு திறந்தது. 2022-இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. உலகில் வேறு எந்த நாடும் அதுவரை தொடாத தொகை அது. அதில் பிரிக்பீல்ட்ஸ் வரிசையில் நின்றவரின் ஐந்நூறு வெள்ளியும் அடக்கம்.

வசதி பெருகிவிட்டது; சரி. நம் பணம் பத்திரமாக இருக்கிறதா? மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, கட்டணம். 'அனுப்பும் கட்டணம் இலவசம்' என்று பலகை வைத்திருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 1,000 வெள்ளி இருக்கிறது. முதல் கடையில் 10 வெள்ளி கட்டணம். ஒரு வெள்ளிக்கு 19 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 990 வெள்ளிக்கு 18,810 ரூபாய் வீட்டுக்குப் போகும். இரண்டாவது கடையில் கட்டணமே இல்லை. ஆனால் வெள்ளிக்கு 18 ரூபாய் 60 காசுதான். 1,000 வெள்ளிக்கு 18,600 ரூபாய். இலவசம் என்று சொன்ன கடையில் 210 ரூபாய் நட்டம்! மாதந்தோறும் அனுப்பினால் ஓராண்டில் 2,520 ரூபாய். ஆகவே கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். 'என் வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும்?' என்று கேளுங்கள். இந்தக் கட்டணத்தை 2030-க்குள் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் வகுத்த இலக்கு. உலகச் சராசரி இன்னும் ஏறத்தாழ அதன் இரு மடங்காக இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். ஆற்றுக்கே அப்படி என்றால், வீட்டுக்கு அனுப்புவதை அளக்க வேண்டாமா?

இரண்டாவது, யாரிடம் கொடுக்கிறோம் என்பது. தஞ்சைப் பக்கத்து இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். உணவகத்தில் வேலை. தங்கையின் நகை ஊரில் அடகில் இருந்தது; அதை மீட்க ஆறு மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தார். கடைக்குப் போய் வரிசையில் நிற்க விடுப்புக் கிடைக்கவில்லை. 'உண்டியலில் போட்டுவிடலாம், நாளைக்கே வீட்டில் கொடுப்பார்கள்' என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்தார். முன்பு இருமுறை சரியாகவே போயிற்று. மூன்றாம் முறை அந்த மனிதரையே காணோம். இரசீது இல்லை, முறையிட இடமும் இல்லை. நகை ஏலத்துக்குப் போயிற்று. நேயர்களே, மலேசியாவில் 2011-ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி, பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றவரே பணம் அனுப்பும் தொழிலைச் செய்யலாம். உரிமத்தைக் கடையில் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். இரசீது தர வேண்டும். இந்த இரண்டையும் பார்த்த பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும்.

பேச்சுநேரத்துக்கும் இது பொருந்தும். ஊரில் உள்ள தாயின் கைப்பேசிக்கு இங்கிருந்தே ரீலோட் போடுவது நல்ல காரியம்தான். ஆனால் எண் ஒன்று மாறினால் முன்பின் தெரியாத ஒருவர் பேசித் தீர்த்துவிடுவார். மேலும் பேச்சுநேரம் வேறு, பணம் வேறு. பேச்சுநேரத்துக்குக் காலக்கெடு உண்டு. அதைக் கொண்டு மருந்து வாங்க முடியாது. உங்கள் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும், வங்கி அதிகாரி என்றே சொன்னாலும், கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தாமதமின்றி 997 என்ற எண்ணை அழையுங்கள். மோசடி ஒழிப்புக்கென்றே 2022-இல் ஏற்பட்ட தேசிய மையம் அது.

மூன்றாவது செய்திதான் முக்கியமானது. பணம் யார் கைக்குப் போகிறது? பலர் அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறார்கள். மனைவி அண்ணனிடம் கைநீட்டி நிற்கிறாள். கைப்பேசி யாரிடம் இருக்கிறதோ அவரே பணத்துக்கும் உடையவர் ஆகிவிடுகிறார். மனைவி பெயரில், தாய் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். பழைய மணியார்டர் ஒப்புகைச் சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோம் அல்லவா? அந்தக் கைநாட்டுக்கு இன்று ஈடாக ஒன்று உண்டு. பணம் போட்ட அன்றே வீட்டுக்குப் பேசி, 'எத்தனை ரூபாய் வந்தது?' என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள்.

ஊரில் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். தொலைபேசி மணி அடித்ததும் 'காசு போட்டாச்சா?' என்று தொடங்காதீர்கள். 'சாப்பிட்டாயா?' என்று முதலில் கேளுங்கள். பணம் அனுப்புகிற மாதத்தில் தம் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்பவர்கள் அந்த வரிசையில் பலர். அனுப்புகிறவரும் பத்தில் ஒரு பங்கையாவது தம் பெயரில் ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் ஊர் திரும்பத்தானே வேண்டும்? அன்று வெறுங்கையோடு இறங்கக்கூடாது.