பல்லில்லாத கொழுக்கட்டை



ஆடிப்பிறப்பு என்றதும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் நினைவுக்கு வருவார். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அந்தத் தங்கத் தாத்தா பக்திப் பாடல்கள் பல பாடியவர். ஆனாலும் கூழையும் கொழுக்கட்டையையும் விடுமுறைக் குதூகலத்தையும் சிறுவர் வாயில் வைத்துப் பாடிய ஒரு பாட்டே அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அது பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பிள்ளையொன்று தானாகவே அப்பண்டிகைக்குச் சேர்த்த வழக்கம் ஒன்றை இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

யூலை 16 அல்லது 17இல் ஆடி பிறக்கும். சோழகம் புழுதியை அள்ளி வீசும் காலம். எங்கள் அப்பாச்சி வறுத்த பச்சையரிசி மா, பயறு, தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்துக் கூழ் காய்ச்சுவார். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அதனால் அள்ளிக் குடிப்போம். (கரண்டியால் குடித்தால் அது வேறு கூழ்.) கொழுக்கட்டையின் விளிம்பைப் பல்லுப் பல்லாகக் கிள்ளி மடிப்பதில் அப்பாச்சிக்கு நிகர் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். தங்கைக்கு ஐந்து வயது. ஆடிப்பிறப்பு என்றால் ஆடி என்றொருவர் பிறந்த நாள் என்றே அவள் முடிவுகட்டியிருந்தாள். கொழுக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்:

“அப்பாச்சி, ஆடி இண்டைக்குத்தானே பிறந்தவர்? அவருக்குப் பல்லிருக்காதே! பல்லு வைச்ச கொழுக்கட்டையை எப்பிடித் தின்னுவார்?”

அப்பாச்சி பஞ்சாங்கம் பார்த்தே படி இறங்குகிறவர். சூரியன் தென்திசை திரும்பும் தட்சணாயனத்தின் தொடக்கம் இது என்று இரண்டு வசனத்தில் விளக்கியிருக்கலாம். “ஓமடி பிள்ளை, நான் யோசிக்கேல்லைப் பார்” என்றார். மாவை மெதுவாக உருட்டி, கிள்ளாமல் ஒன்று அவித்து, பிலாவிலையில் வைத்துப் படலையடியில் கொண்டுபோய் வைத்தார். காகம் தின்றிருக்கும். ஆடி வந்து போனதாகவே தங்கை ஊரெல்லாம் சொன்னாள். சோழகத்தில் ஏறித்தான் வருவாராம். அடுத்த வருடமும் அது நடந்தது. மூன்றாம் வருடம் அது எங்கள் வீட்டு வழக்கம்.

பிள்ளைகளின் கற்பனை வளத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதைக் கேட்டுச் சிரிக்காமல் அடுப்பை மூட்டுகிற பெரியவரைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கென்னவோ, நம் சடங்குகளிற் பல இப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று படுகிறது.

1995 யூலை 9ஆம் திகதி, புலவரின் அதே நவாலியில், சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மேல் குண்டு விழுந்தது. ஒரு வாரத்தில் ஆடிப்பிறப்பு. எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சவில்லை. ஆடிக்கு மட்டும் ஒன்று அவிந்தது.

அக்டோபர் 30இல் ஊரோடு ஊராக நாங்களும் வெளிக்கிட்டோம். 1996 ஆடிப்பிறப்பு வன்னியில், தறப்பாளின் கீழ். பனங்கட்டியும் இல்லை, பிலாவிலையும் இல்லை. தங்கை மெல்லக் கேட்டாள்:

“ஆடி பழைய வீட்டுப் படலைக்கெல்லோ போவார்?”

“சோழகம் இஞ்சையும் அடிக்குதுதானே மோனை. காத்துக்கு வழி தெரியும்.”

பூவரசிலையில் உருண்டை ஒன்று வெளியே போனது. ஒன்பது வயதிலும் அவள் அதை நம்பியிருந்தாளா என்பது சந்தேகந்தான். அப்பாச்சிக்காகவே கேட்டிருப்பாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அப்பாச்சி இன்று இல்லை. தங்கை ரொறன்ரோவில் இருக்கிறாள். யூலை அங்கே நல்ல கோடை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அவள் வீட்டிலும் பல்லில்லாத கொழுக்கட்டை ஒன்று வாசற்படிக்குப் போகிறது. போன வருடம் அவளுடைய மகன், “இத்தனை வருசமாகியும் ஆடிக்குப் பல்லு முளைக்கேல்லையோ?” என்று கேட்டானாம். வருகிற ஆடிக்கு அவருக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவது என்று அவனே தீர்மானித்தும் விட்டானாம்.