காத்திருத்தலும் கணக்கே



கூட்டு வங்கிக் கணக்கொன்றில் 1000 ரூபா உளது எனக் கொள்வோம். கணவர் யாழ்ப்பாணத்திலும் மனைவி கொழும்பிலும் ஒரே கணத்தில் 700 ரூபா எடுக்க முற்படுகின்றனர். கணினியில் இரு செயன்முறைகள் மீதியைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் 1000 என்றே தெரிகிறது. இரண்டும் 700ஐக் கழித்து, 300 என எழுதிவிடுகின்றன. வெளியே சென்றதோ 1400 ரூபா. ஏட்டில் இன்னும் 300 மீதி! கழித்தலில் பிழையில்லை. ஒன்று எழுதி முடிக்குமுன் மற்றது பார்த்ததே பிழை.

இப்பிழை எப்போதும் தலைகாட்டுவதன்று. இரு செயல்களும் குறித்ததோர் இடைவெளியில் சந்தித்தாலன்றி வெளிப்படாது. ஆதலின் சோதனைக்குத் தப்பிவிடும்.

பணம் போனால் ஈட்டலாம், உயிர் போனால்? 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 'தெராக்-25' என்னும் கதிர் சிகிச்சை இயந்திரம், புற்றுநோயாளர் இருவர்மீது அளவிறந்த கதிரைப் பாய்ச்சிற்று. இருவரும் பின்னர் மாண்டனர். காரணம் யாது? இயந்திரத்தின் காந்தங்கள் அமைய ஏறக்குறைய 8 விநாடி பிடித்தது. அதற்குள் இயக்குபவர் தாம் பதிந்ததைத் திருத்தினால், திருத்தம் திரையில் தோன்றும். ஆனால், இயந்திரத்தின் ஒரு பகுதி அதனை அறியாது. மெதுவாகத் தட்டெழுதிய காலத்தில் மறைந்திருந்த குறை, கைப்பழக்கத்தால் வேகம் கூடியபோதே வெளிப்பட்டது.

பரிகாரம் நமக்குப் புதியதன்று. தகட்டு முறையுள்ள ஒற்றைத் தண்டவாளப் பாதையில், அப்பகுதிக்குரிய தகட்டைக் கையிற் பெற்ற ஓட்டுநரே புகையிரதத்தைச் செலுத்தலாம். மற்றவர் நிலையத்திற் காத்திருத்தல் வேண்டும். ஒல்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1960களில் கணினிக்கு வகுத்த முறையும் இத்தகையதே. பொதுத் தரவைத் தொடும் செயன்முறை முதலில் அனுமதி பெறவேண்டும். பணி முடிந்ததும் அதனை விடுவிக்கவேண்டும். அதுவரை மற்றது காத்திருக்கும். அக்கருவிக்கு அவர் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே இட்டார்.

இம்முறையிலும் ஓர் இடருண்டு. இரு செயன்முறைகள் ஆளுக்கோர் அனுமதியைப் பற்றிக்கொண்டு, மற்றதன் கையிலுள்ளதை வேண்டி நின்றால், இரண்டும் என்றென்றும் நகரா. எனவே, அனுமதிகளை எல்லோரும் ஒரே வரிசையிற் பெறுதல் நன்று.

நேயர்களே, கணினி கற்கும் நம் பிள்ளைகள் வேகத்தையே வியக்கின்றனர். எங்கே நிற்கவேண்டும் என்பதையும் அவர்கள் அவ்வேகத்துடனேயே கற்பாராக. அவர்கள் எழுதும் செய்நிரலை நம்பி நாளை ஒரு நோயாளி படுத்திருக்கக்கூடும்.